‘வீட்ட போய் ஒருக்கா பாருங்கோ’ எண்டு சொன்னது நான்தான்



இந்தக் கிழமை எபிசோட்டில வேலை இடத்தில படிக்கிறதைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சோம். கேட்டவர்களுக்குத் தெரியும், கடைசிப் பத்து நிமிசத்தில நான் கொஞ்சம் சூடாகிவிட்டேன். ஏன் சூடானேன் என்று மைக்குக்கு முன்னால சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ட்ராமிலயோ பஸ்ஸிலயோ இருந்து வாசியுங்கோ.

நான் சுவிஸில ஒரு கொம்பனியில ஆறு பேர் இருக்கிற சொப்ட்வெயர் ரீம் ஒன்றைப் பொறுப்பாகப் பார்க்கிறேன். ரெண்டு வருசத்துக்கு முதல் அந்த ரீமுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தார். மீற்றிங்கில எல்லாரோடும் ஜேர்மன். கோப்பி மெசினுக்குப் பக்கத்தில என்னோடு மட்டும் தமிழ். ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். நல்ல கெட்டிக்காரி. வந்து மூன்றாவது கிழமை ஒரு நாள் கேட்டார்:

“அண்ணா, இந்த டேட்டாபேஸ் பக்கம் எனக்கு வடிவா விளங்கேல்ல. ஆராவது ஒருக்கா காட்டித் தருவினமோ?”

எனக்கு அன்றைக்கு ஐந்து மீற்றிங். “பிரச்சினையில்ல, எங்கட லேர்னிங் பிளட்போமில நல்ல கோர்ஸ் ஒண்டு இருக்கு. வீட்ட போய் ஒருக்கா பாருங்கோ” என்றேன். லிங்கும் அனுப்பினேன். உதவி செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அவர் ஒன்றில்லை, ரெண்டு கோர்ஸ் பார்த்து முடித்தார். ரெண்டுக்கும் சேர்டிபிகேற் வந்தது. ரீம் சற்றில அதைப் போட்டபோது நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைப் போட்டேன்.

ரெண்டு மாதம் போனது. எங்கட ஓடர்கள் எல்லாம் சேருகிற ஒரு டேபிளில, ஒரு கொலத்தைச் சாதாரண இன்ரிஜரில இருந்து பெரிய இன்ரிஜராக மாற்றவேண்டி வந்தது. ஒரேயொரு வரிக் கட்டளை. ரெஸ்ற் சேர்வரில ஒரு செக்கனில முடிந்தது, ஏனென்றால் அங்கே சில ஆயிரம் வரிசைகள்தான். உண்மையான சேர்வரில கோடிக்கணக்கில் இருந்தது. போஸ்ட்கிரெஸ் இந்த மாற்றத்தைச் செய்யும்போது முழு டேபிளையும் திருப்பி எழுதும். எழுதி முடியும்வரைக்கும் அந்த டேபிளை வேறு ஒருவரும் வாசிக்கவும் ஏலாது, எழுதவும் ஏலாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கட ஓடர்கள் நாற்பது நிமிசம் அப்படியே நின்றது.

அவர் பார்த்த ரெண்டு கோர்ஸிலும் இது இல்லை. ஆனால் எங்கட ரீமில மூன்று பேருக்கு இது தெரியும். அதில ஒருவர் அவருக்குப் பக்கத்து மேசை. இன்னொருவர் நான். அந்த மாற்றத்தைப் பார்த்து ‘சரி’ என்று ஒப்புதல் கொடுத்ததும் நான்தான், ஒரு மீற்றிங்குக்குள்ள இருந்துகொண்டு, வடிவாகப் பார்க்காமல்.

பிறகு எழுதிய அறிக்கையில காரணம் என்ற இடத்தில ‘மனிதத் தவறு’ என்று போட்டேன். எந்த மனிதர் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அவரைத்தான் தெரிந்தது.

மூன்று மாதத்தில அவர் வேலையை விட்டார். கடைசி நாள் கோப்பி குடிக்கும்போது சொன்னார்: “தெரியாதெண்டு திரும்பத் திரும்பச் சொல்ல வெக்கமா இருந்தது அண்ணா. அதுதான் இரவில இருந்து படிச்சன். எவ்வளவு படிச்சும் பிடிக்க முடியேல்ல.”

இதுதான் எனக்குச் சூடேறினதுக்குக் காரணம். கோபம் என்னில்தான்.

படிப்பு வேற, வேலை வேற

நான் சொல்ல வாற விசயம் சின்னது. வேலைக்குத் தேவையான படிப்பு வேலை நேரத்துக்குள்ள நடக்கவேணும். பின்னேரத்தில இல்லை, சனிக்கிழமையில இல்லை, வருசத்துக்கு ஒருக்கா ஹோட்டல் மண்டபத்தில வைக்கிற செமினாரில மட்டும் இல்லை. வேலை நடக்கிற மேசையில, வேலை நடக்கிற மணித்தியாலத்தில.

எல்லாரும் “ஓம், ஓம்” என்று தலையாட்டுவார்கள். ஆனால் எங்கட ஆக்களுக்கு இது மற்ற ஆக்களைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

அப்பா எண்பதுகளில சுவிஸுக்கு வந்தவர். அந்தக் காலத்தில வந்த எத்தனையோ பேரைப் போல அவருக்கும் முதல் வேலை ரெஸ்ரோரண்டில பாத்திரம் கழுவுறது. இங்கே சமையல் வேலையில இருக்கிற ஆக்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து இரவு வேலை தொடங்குமட்டும் நடுவில ஒரு இடைவெளி இருக்கும். ‘சிம்மர்ஷ்டுண்ட’ என்று சொல்வார்கள். அப்பா அந்த நேரத்துக்கு அறைக்குப் போகாமல் குசினியிலயே நிற்பாராம். தலைமைச் சமையல்காரர் ஒரு நாளைக்கு ஒரு விசயம் காட்டுவாராம். கத்தி பிடிக்கிறது, வெங்காயம் வெட்டுறது, சோஸ் திரளாமல் கிண்டுறது. அடுத்த நாள் அதை அப்பா தனியச் செய்யவேணும், அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில நிற்பார். தக்காளிப் பெட்டி மட்டையில ஜேர்மன் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எழுதி அப்பா பொக்கற்றுக்குள்ள வைத்திருப்பார். சில வருசத்தில பாத்திரம் கழுவுறதில இருந்து சலாட், சலாட்டில இருந்து அடுப்பு.

அந்த அப்பா, நான் ‘கிம்னாசியும் போகேல்ல, லேரெ செய்யப்போறன்’ என்று சொன்னபோது ரெண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

வேற நாட்டில இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: லேரெ என்றால் தொழிற்பயிற்சி. கட்டாயப் பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒரு கொம்பனியோடு ஒப்பந்தம் எழுதி, கிழமையில மூன்று நாலு நாள் அங்கே வேலை, ஒன்று ரெண்டு நாள் தொழிற்பள்ளி. சுவிஸில மூன்றில் ரெண்டு பங்கு பிள்ளைகள் இந்த வழியிலதான் போகிறார்கள். ஐ.ரி. துறைக்கு நாலு வருசம். பிறகு விரும்பினால் உயர்தொழிற்கல்லூரிக்கும் போகலாம், நான் அப்படித்தான் போனேன். ஆனால் எங்கட வீடுகளில லேரெ என்றால் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று அர்த்தம். கலியாண வீட்டில ஆராவது கேட்டால் அம்மா “கொம்பியூட்டர் படிக்கிறான்” என்று மட்டும் சொல்லுவா.

பல வருசம் கழித்து அப்பாவிடம் கேட்டேன், நீங்களும் குசினியில லேரெதானே செய்தீங்கள் என்று. அவர் சிரிச்சார். “அது படிப்பில்லையடா. அது வேலை.”

எங்கட பிரச்சினை முழுவதும் அந்த ரெண்டு வசனத்துக்குள்ள இருக்கு. படிப்பு என்றால் மேசை, புத்தகம், இரவு, ரியூசன், சோதனை. வேலை என்றால் படித்து முடித்த ஆள் போகிற இடம். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு வேலை இடத்தில ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லுறது சோதனையில பெயில் விட்ட மாதிரி. அதனால மறைக்கிறோம். மறைத்துவிட்டு இரவில படிக்கிறோம். என்னைப் போல ஒரு மனேஜர் வந்து ‘வீட்ட போய் பாருங்கோ’ என்றால் அது எங்களுக்கு அநியாயமாகத் தெரியிறதேயில்லை. வீட்டுவேலை தந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இரவு வீடியோ ஏன் நிற்கிறதில்லை

நியாயத்தை விடுங்கோ. பயன் இருக்கா என்று பார்ப்போம்.

1885ல ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் ஆய்வாளர் ஒரு புத்தகம் எழுதினார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு நேரத்தில எவ்வளவு மறக்கிறது என்று தன்னிலேயே அளந்தார். ஒரு நாள் கழியிறபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. எங்கட வேலை அர்த்தமில்லாத அசை இல்லைதான், விளங்கிப் படித்தது கூடக் காலம் நிற்கும். ஆனாலும் திருப்பித் தொடாத விசயம் வேகமாகக் கரைந்துபோகும் என்பதில மாற்றம் இல்லை.

2006ல ரோடிகர், கார்ப்பிக்கி என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு சின்னக் கட்டுரை கொடுத்தார்கள். ஒரு பகுதிக்கு அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். மற்றப் பகுதிக்கு, பார்க்காமல் ஞாபகம் இருக்கிறதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிசம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு. ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், ஞாபகப்படுத்தி எழுதியவர்களுக்கு 56 சதவீதம்.

இதை எங்கட கொம்பனிப் பிளட்போமோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. வீடியோ பார்க்கிறோம், உடனே ஐந்து கேள்வி, உடனே சேர்டிபிகேற். அளக்கிறது முழுக்க அந்த முதல் ஐந்து நிமிசத்தை. ஒரு கிழமைக்குப் பிறகு என்ன நிற்கிறது என்று ஒருவரும் பார்க்கிறதில்லை. அப்பாவின் சமையல்காரர் ஒரு ஆய்வும் வாசிக்காமல் சரியாகச் செய்திருக்கிறார்: இன்றைக்குக் காட்டு, நாளைக்குச் செய்யச் சொல்லிப் பார்.

20 சதவீதமும் ஒரு கயிறும்

இந்த இடத்தில ஆராவது கட்டாயம் கூகிளைக் கொண்டுவருவீர்கள். 2004ல பங்குச் சந்தைக்குப் போகும்போது நிறுவனர்கள் எழுதிய கடிதத்தில, வேலையாட்கள் தங்கட நேரத்தில 20 சதவீதத்தைக் கூகிளுக்கு மிகவும் பயன்தரும் என்று தாங்கள் நினைக்கிற வேலைக்குச் செலவழிக்கலாம் என்று இருந்தது. நல்ல யோசனை, நல்ல பொருட்களும் வந்தன. ஆனால் அங்கே பல வருசம் இருந்த மரிசா மேயரே பிறகு, உண்மையில அது 120 சதவீதம் என்று சொன்னார். முழு வேலையையும் செய்துவிட்டு அதற்கு மேல செய்யிறது. எத்தனையோ கொம்பனிகளில ‘லேர்னிங் வெள்ளிக்கிழமை’க்கும் இதுதான் நடக்கிறது. வேலைக்கு வெளியில ஒரு பெட்டி கட்டி அதுக்குள்ள படிப்பை வைத்தால், வேலை கூடுற முதல் கிழமையே பெட்டி காலி.

எனக்குப் பிடித்த உதாரணம் டொயோட்டா. கார் நகர்ந்து போகிற லைனில வேலையாட்களுக்கு மேல ஒரு கயிறு இருக்கும். ஏதாவது பிழை தெரிந்தால், இல்லை விளங்கவில்லை என்றால், கயிற்றை இழுக்கலாம். ‘ஆண்டொன்’ என்று சொல்வார்கள். இழுத்த உடனே லைன் நிற்காது, முதல் ரீம் தலைவர் ஓடிவருவார். அந்தக் கட்டம் முடியிறதுக்குள்ள சரிசெய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும். கேள்வி கேட்கிறதுக்குப் பொருள் இருக்கு, கேட்ட நேரத்திலயே ஆள் வாறார், பிரச்சினை கண்ணுக்கு முன்னால இருக்கும்போதே இரண்டு பேரும் கற்கிறார்கள். எங்கட ரீமில அந்தப் பிள்ளை கயிற்றை இழுத்தார். நான் லிங்க் அனுப்பினேன்.

“நேரம் இல்லை” என்றவர்களுக்கு

மறுப்புகள் இருக்கு, அதையும் சொல்லவேணும்.

சின்னக் கொம்பனிகளுக்கு ஏலாது என்பார்கள். உண்மையாகவே கஷ்டம்தான். ஆனால் அந்த நாற்பது நிமிசத்துக்கும், பிறகு அதைத் திருத்தின ரெண்டு நாளுக்கும், புது ஆள் தேடின ஐந்து மாதத்துக்கும் நேரம் எங்கேயிருந்தோ வந்தது. அந்த விசயத்தை அவருக்குக் காட்ட அரை மணித்தியாலம் போதும்.

படிப்பித்துவிட்டால் ஆட்கள் வேற இடம் போயிடுவினம் என்பார்கள். எங்கட ஆள் படிப்பிக்காததால போனவர்.

சட்டம் போட்டால் சரி என்பார்கள். கனடாவில கியூபெக் மாகாணம் 1995ல ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்போது வருசச் சம்பளச் செலவு 2 மில்லியன் டொலரைத் தாண்டுகிற முதலாளிகள் அதில குறைந்தது 1 சதவீதத்தைப் பயிற்சிக்குச் செலவழிக்கவேணும், இல்லையென்றால் அந்தக் காசை ஒரு நிதியத்துக்குக் கட்டவேணும். நல்லதுதான், ஆனால் காசு செலவழிந்ததை அளக்கலாம், ஆள் கற்றதை அப்படி அளக்க முடியாது. சுவிஸில இருக்கிற ஆக்கள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று: வேலைச் சட்டத்தின் முதலாவது ஆணையில 13ஆம் பிரிவு, முதலாளி சொல்லிப் படிக்கிற நேரம் வேலை நேரம் என்று தெளிவாகச் சொல்லுது. ‘வீட்ட போய் பாருங்கோ’ என்று நான் சொன்னது, கணக்குப்படி, வேலை நேரம். அவர் அதை எழுதவும் இல்லை, எழுதலாம் என்று நான் சொல்லவும் இல்லை.

கடைசி மறுப்பு எங்கட ஆக்களிடமிருந்தே வரும்: “நாங்கள் இரவிரவாப் படிச்சுத்தானே முன்னுக்கு வந்தனாங்கள்.” உண்மை. விருப்பத்துக்கு இரவில படிக்கிறதை ஒருவரும் தடுக்கவில்லை. நானும் படிக்கிறேன். ஆனால் பின்னேரத்தில குழந்தை வைத்திருக்கிற ஆள், அம்மா அப்பாவைப் பார்க்கிற ஆள், ரெண்டாவது வேலை செய்யிற ஆள் அந்த ஓட்டத்தில தானாகவே பின்னுக்குப் போயிடும். அது திறமையை அளக்கிறதில்லை, ஆருக்கு இரவு மிச்சம் இருக்கு என்பதை அளக்கிறது.

இப்ப ஏன் இன்னும் அவசரம்

முந்தி ஜூனியர் ஆட்கள் சின்னச் சின்ன வேலையில கற்றுக்கொண்டார்கள். ஒரு பட்டனை நகர்த்து, ஒரு ரெஸ்ற் எழுது, ஒரு சின்னப் பிழையைத் தேடு. அது வேலை மாதிரி இருந்தது, உண்மையில பயிற்சி. இப்போது அந்தச் சின்ன வேலைகளைத்தான் முதலில ஏ.ஐ.யிடம் கொடுக்கிறோம். அன்றைக்கு அந்த ஒரு வரிக் கட்டளையை இன்றைக்கு ஏ.ஐ. ஒரு செக்கனில எழுதித் தரும். எங்கட டேபிளில எத்தனை கோடி வரிசை இருக்கு, பத்தரை மணிக்கு ஓடர் கூட என்பது, நாங்கள் சொல்லாட்டில் அதுக்குத் தெரியாது. அதைச் சொல்லத் தெரிந்த ஆள் எப்படி உருவாகிறது? முந்தி தற்செயலாக நடந்த படிப்பை இனி நாங்கள் வேணுமென்று திட்டம் போட்டு நடத்தவேணும். இல்லாவிட்டால் பத்து வருசத்தில சீனியர் ஆட்கள் வானத்திலிருந்து விழப்போறதில்லை.

நாங்கள் இப்ப செய்யிறது

பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஐந்து பழக்கம்.

ஒன்று, ஒரு வேலையை ஒருவர் முதல்தரம் செய்யிறார் என்றால், ரிக்கெற்றில நேரம் போடும்போதே கற்கிற நேரத்தையும் சேர்த்துப் போடுறோம். அனுபவக்காரருக்கு அரை நாள் என்றால் புது ஆளுக்கு ஒன்றரை நாள். இதை ஒளிக்கிறதில்லை, மேலிடத்துக்கும் அப்படியே காட்டுறோம்.

ரெண்டு, தெரிந்த ஆள் பக்கத்தில இருப்பார், ஆனால் கீபோட்டைத் தொடமாட்டார். இது எனக்குத்தான் பயங்கரக் கஷ்டம். கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று, திங்கட்கிழமை மீற்றிங்கில முதல் பத்து நிமிசம் ஒருவர், போன கிழமை தொட்ட ஒரு விசயத்தை, ஒன்றும் பார்க்காமல் போர்ட்டில கீறிக் காட்டவேணும். நானும் என்ட முறைக்குக் கீறவேணும். போன மாதம் பிழையாகக் கீறினேன், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கேள்விகள் கூட வருகுது.

நாலு, ஏதாவது விழுந்தால் அறிக்கையில ‘மனிதத் தவறு’ என்ற சொல் தடை. ஆர் செய்தது என்று எழுதுறதில்லை. அந்த ஆளுக்கு அந்த நேரத்தில என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது, அது ஏன் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று எழுதுறோம். பழைய அறிக்கையையும் நான் திருத்தி எழுதினேன். காரணம் என்ற இடத்தில இப்போது என்னுடைய பெயரும் இல்லை, அவருடைய பெயரும் இல்லை. ‘கேட்கப்பட்ட கேள்விக்கு ரீமில நேரம் ஒதுக்கப்படவில்லை’ என்று இருக்கு.

ஐந்து, சேர்டிபிகேற் எண்ணுறதை விட்டுவிட்டோம். ஒரு சாதாரண அட்டவணை: ஒரு பக்கம் வேலைகள், மற்றப் பக்கம் ஆட்கள். ‘இவர் லீவில போனால் இதைத் தனியச் செய்யக்கூடிய ஆள் ஆர்?’ ஒரே ஒருவர் மட்டும் இருக்கிற வரிசைதான் அடுத்த மாதம் படிக்கவேண்டிய பாடம்.

நீங்கள் மனேஜர் இல்லை என்றாலும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை விளங்காத ஒன்றைச் செய்யச் சொன்னால், ‘இதை நான் முதல்தரம் செய்யிறேன், கற்க அரை நாள் வேணும், ஆரோடு இருக்கலாம்?’ என்று கேளுங்கோ. ‘எனக்குத் தெரியாது’ என்பதைவிட இது சொல்லச் சுகம், கேட்கிற ஆளுக்கும் பதில் சொல்லச் சுகம். படித்த நேரத்தை வேலை நேரமாக எழுதுங்கோ. யாராவது ஏன் என்று கேட்டால் அப்போது கதைக்கலாம்.

இந்தக் கடிதத்தை அனுப்புறதுக்கு முதல் அவருக்கு அனுப்பி, எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார். இப்போது வேற இடத்தில நல்லாயிருக்கிறார். அங்கே அவருக்குக் கீழே ஒரு லேரெப் பிள்ளை இருக்காம். “நான் லிங்க் அனுப்புறதில்லை அண்ணா” என்று மட்டும் பதில் போட்டிருந்தார். எனக்கு அது வேணும்தான்.

உங்கட வேலையில உங்களுக்கு ஒருவர் நேரம் எடுத்துக் காட்டித் தந்த விசயம் என்ன? ரெண்டு வரி எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில வாசிக்கிறோம். தமிழ் எழுத்துப் பிழையைப் பற்றி யோசிக்காதீங்கோ, என்ட தமிழையும் அம்மாதான் திருத்துறவா.

அடுத்த கிழமை சந்திப்போம்.